பத்து நாள் ஒப்பந்தம்

நல்லம்மா சைக்கிள் ஓட்டினாள். எங்கள் தீவில், கான் தெ மாஸ்க் கிராமத்தில், அவள்மேல் முதலில் எழுந்த புகார் அதுதான். வெள்ளைக் கவுன், பின்னால் கட்டிய கறுப்புத் தோல்பை, சேறு அப்பிய சக்கரம். கரும்புக்கு நடுவே வண்டிப்பாதையில் அவள் மணியடித்துக்கொண்டு வந்தால் ஆண்கள் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. வழிவிட்டவர்களுக்குத்தான் கோபம். அவர்கள் பெண்டாட்டிகளுக்குக் கோபமே இல்லை. அந்த மணி தங்கள் வாசலில் என்றைக்கு அடிக்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சர்க்கார் டிஸ்பென்சரியில் பிரசவம் பார்க்கிற வேலை அவளுக்கு. ஊர் வாயில் அவள் ஃபாம்சாஜ், மருத்துவச்சி. அதற்கு முன் இருபது வருஷம் தோட்டத்தில் களை கொத்தியவள். மகளை குட்லண்ட்ஸில் கட்டிக்கொடுத்த பிறகு, முப்பத்து நாலு வயதில், போர்ட் லூயிஸ் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனாள். அனுப்பி வைத்தவன் அவள் புருஷன் மருதை. இதை அழுத்திச் சொல்கிறேன். பின்னால் எல்லோரும் அவனைத்தான் ஏசினார்கள்.

மருதை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை செய்தவன். 1937-இலிருந்து தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என்னோடு தோட்டம் தோட்டமாக நடந்தவன். 1943 வேலைநிறுத்தத்தில் போலீஸ் வருகிறது என்று பெண்கள் கரும்புக்குள் ஒளிந்தபோது, ஒருத்திக்கு அங்கேயே வலி கண்டது. நல்லம்மா தலைத்துணியை அவிழ்த்து விரித்துப் பிள்ளையை வாங்கினாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று தாயின் வாயில் தன் கையைக் கொடுத்தாளாம். பல் பதிந்த தழும்பு கடைசிவரை இருந்தது. மருதை அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவான். "என் வீட்டுக்காரி கையப் பாரு" என்பான்.

எட்டு மாதப் பயிற்சி முடிந்து அவள் 1951-இல் வேலையில் சேர்ந்ததும் சீனாக்காரர் கடையில் கேலி ஆரம்பித்தது. நாங்கள் பேசியது பாதி கிரியோல், பாதி தமிழ். இங்கே தமிழாகவே எழுதுகிறேன்.

"என்ன மருதை, இன்னைக்கு உன் வீட்டுல அடுப்பு எரியுதா?" என்று ஆந்த்ரே கேட்டான். வண்டியோட்டி, வாய் நீளம். "உன் பொண்டாட்டி யாரு வீட்டுல புள்ள புடிக்கப் போயிருக்கா?"

"நீ பொறந்த அன்னைக்கு அவ அங்க இருந்திருக்கணும்டா," என்றான் மருதை. "மூஞ்சியப் பாத்துட்டு உன்னத் திருப்பி உள்ளயே அனுப்பியிருப்பா."

கடையே சிரித்தது. மருதையும் சிரித்தான். ஆனால் அன்று ரம்மைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். நான் கவனித்தேன். கவனித்துச் சும்மா இருந்தேன்.

சிக்கல் காவடியில் வந்தது.

1944-இல் மருதைக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, பிழைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். நல்லம்மா கோயிலுக்கு ஓடிப்போய், அவன் எழுந்து நடந்தால் பன்னிரண்டு வருஷம் காவடி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியவள் அவள், சுமப்பவன் அவன். மறு தையிலிருந்து எடுத்தான். கொடி ஏறியதிலிருந்து பத்து நாள் ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை, மீன் கிடையாது, ரம் கிடையாது. அந்த ஒரு வேளைச் சோற்றைச் சுத்தமாக இருக்கிற வீட்டுக்காரி குளித்து ஆக்கிப் போட வேண்டும். ஏழு வருஷம் அப்படியே நடந்தது.

எட்டாவது வருஷம், 1952, வீட்டுக்காரி ஃபாம்சாஜ். பிரசவ வீடு தீட்டு. அவள் கை பட்ட சோற்றைத் தின்று காவடி தூக்கக் கூடாது என்று கோயிலில் பேச்சு கிளம்பியது. பத்து நாள் லீவு கேட்டாள். கிடைக்கவில்லை. சுற்றி நாலு கிராமத்துக்கு அவள் ஒருத்திதான், தையில்தான் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகப் பிறந்தன. பத்து மாசத்துக்கு முன்னால் ஆலை ஓடாதபோது ஆண்களுக்கு வேறு வேலை இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கொடி ஏற நாலு நாள் இருக்கும்போது இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னேன். மருதை உட்காரவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான்.

"அப்பாசாமி அண்ணே, நீயே சொல்லு. சாமி காரியமா, சர்க்கார் காரியமா?"

"காய்ச்சல்ல கெடந்தப்ப வேண்டுனது நான்தான்," என்றாள் நல்லம்மா. "அத நான் மறுக்கல. ஆனா வலி எடுத்தவகிட்ட போயி, கொடி எறங்கட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கன்னு சொல்லச் சொல்றாரா?"

"வேலைய விடுன்னு நான் சொன்னேனா?"

"வாயால சொல்லல."

என் சட்டைப்பையில் அன்று அச்சாகி வந்த துண்டுப்பிரசுரம் இருந்தது. பெண்களுக்குச் சம கூலி. நான் எழுதியதுதான். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். முதலாளியோடு பேசுகிறபோது இரண்டு பக்கமும் ஏதாவது விட்டுக்கொடுத்தால்தான் காரியம் நடக்கும். அந்தப் பழக்கத்தில் ஒரு வழி சொன்னேன். பத்து நாளும் நல்லம்மா டிஸ்பென்சரியின் பின்னறையில் தங்கட்டும். மருதை தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ளட்டும். கொடி இறங்கியதும் அவள் வீடு திரும்பட்டும். தீட்டை முன்னிட்டு இந்த ஏற்பாடு என்று ஒரு காகிதத்தில் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தேநீர் குடித்துவிட்டுச் சமாதானமாகப் போனார்கள். ஒரு வேலைநிறுத்தத்தை ஜெயித்ததுபோல அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

மருதை முதல் நாள் சோற்றைக் கருக்கினான். இரண்டாம் நாள் பூசணிக்காயில் உப்புப் போட மறந்தான். ஐந்தாம் நாள் நான் போனபோது பருப்பு சரியாக வெந்திருந்தது. "எட்டிப் பாக்காதண்ணே, கண்ணு பட்டுடும்" என்றான். பத்தாம் நாள் அலகு குத்திக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து காவடி தூக்கிக் கோயில் சேர்ந்தான். நல்லம்மா கூட்டத்தின் ஓரத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தள்ளி நின்று பார்த்தாள்.

மறுநாள் கொடி இறங்கியது. அந்த வருஷம் அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த வருஷம் இருட்டுகிற நேரத்தில் வந்தாள். 1954-இல் மூன்றாம் நாள் வந்தாள். வேலை அதிகம் என்றாள். 1955-இல் வரவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. மருதை வேலை முடிந்ததும் டிஸ்பென்சரி சாலையில் நடப்பான். வாசல்வரை போவான். உள்ளே போக மாட்டான். சீனாக்காரர் கடைவரை திரும்பி வருவான், மறுபடி போவான். ஒருநாள் சாயங்காலம் நாலு தடவை போய்வந்ததை ஆந்த்ரே எண்ணிச் சொன்னான். மருதை அவனைத் தாண்டி மறுபடி நடந்தான்.

எட்டாம் நாள் என்னிடம் வந்தான். "நீ போட்ட ஒப்பந்தம்ணே. கொடி எறங்குனா திரும்பணும்னு எழுதியிருக்கு. போயி வாங்கிக் கொடு."

போனேன். டிஸ்பென்சர் ஜில்பெர் முன்னால் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டிப் பின்னறையைக் காட்டினான். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. நல்லம்மா கத்தரிக்கோல்களை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கையெழுத்துக் காகிதத்தோட வந்திருக்கீங்களா, அண்ணே?"

"அடிச்சானா?" என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும்.

"சேச்சே. அவரு கைய ஓங்குன ஆளா?"

"பின்ன?"

கத்தரிக்கோல் ஒவ்வொன்றையும் எடுத்துத் துணிமேல் வைத்தாள். வைத்து முடித்துத்தான் பேசினாள். "மொத வருஷம் பத்து நாளு தீட்டுன்னு எழுதுனீங்க. பதினோராவது நாளு வீட்டுக்குப் போறேன், வாசல்ல வாளி இருக்கு. குளிச்சிட்டு வான்னாரு. காவடி எடுத்த ஒடம்பு, சரின்னு குளிச்சேன். அடுத்த வாரமும் வாளி. ஆடி மாசம் இந்தத் தீவுல எப்படிக் குளிரும்னு உங்களுக்குத் தெரியும். மழையில நனைஞ்சு வரேன், விடியிறதுக்கு இன்னும் நேரம் இருக்கு, வெளிக்குழாயில தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் உள்ள வரணும். வருஷம் பூரா, அண்ணே. நான் ஆஸ்பத்திரியிலேயே கை காலு கழுவிட்டுத்தான் வரேன். கார்போலிக் சோப்புல. அது கணக்கில்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எதச் சொல்ல? தீட்டுன்னு எழுதுனதே நீங்கதானே. களை கொத்துனப்ப மாட்டுச் சாணி அள்ளுனேன், உரம் அள்ளுனேன். அப்படியே உள்ள போயி சோறாக்குனேன். அப்ப வாளி இல்ல. இந்த வேலைக்குத்தான் வாளி." அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "இங்க பத்து நாளும் யாரும் என்னை வாசல்ல நிறுத்தல. அவ்வளவுதான்."

நான் எழுந்தேன். இருபது வருஷம் முதலாளிகளின் காகிதங்களில் வார்த்தை வார்த்தையாகச் சூது தேடியவன். என் காகிதத்தை நான் படிக்கவே இல்லை. பெண்கள் கூலிக்காக மேடையில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்து ஒருத்தியின் வேலையைத் தீட்டென்று எழுதி, அவளையே கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். மூன்று பேருக்கும் அப்போது அது நியாயமாகத்தான் தெரிந்தது. அதுதான் மோசம்.

மருதையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வாளியைச் சொன்னேன்.

"வாளியா?" என்றான். "அதுக்கா?" பிறகு கத்தினான். "ஊரே அப்படித்தான் பண்ணுது! என் ஆத்தா அப்படித்தான் பண்ணா! நான் மட்டும் என்ன புதுசா?" கையில் கிடைத்த செருப்பை எடுத்துத் தகரச் சுவரில் வீசினான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

அந்த வருஷம் முழுக்க அவள் வரவில்லை. குட்லண்ட்ஸிலிருந்து மகள் வந்து அழுதுவிட்டுப் போனாள். கோயில்காரர்கள் தூது போனார்கள். மருதை தானே சமைத்தான், தானே துவைத்தான், ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரி சாலையில் நடந்தான். எதிரே சைக்கிள் மணி கேட்டால் கரும்பு ஓரமாக ஒதுங்கி நின்றான். அவள் காலை ஊன்றி நிறுத்திச் சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். ஆச்சு என்பான். சைக்கிள் போய்விடும்.

1956 தையில் கொடி ஏறியது. பன்னிரண்டாவது வருஷம், கடைசிக் காவடி. ஆறாம் நாள் காலை ஆந்த்ரேயின் தங்கச்சி யொலாந்துக்கு வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடந்து, நல்லம்மா மத்தியானம்வரை போராடி எடுத்தாள். பிழைத்தது. அவள் டிஸ்பென்சரிக்குத் திரும்பியபோது கவுன் முன்பக்கம் முழுக்க ரத்தம். மூன்றாம் படியில் மருதை உட்கார்ந்திருந்தான். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, பக்கத்தில் துணி கட்டிய பித்தளைத் தூக்கு. மருந்து வாங்க வந்த நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை.

"என்ன இங்க?" என்றாள்.

"ஒரு வேளச் சோறு. பொங்குனேன். நேத்தும் சாப்பிடலயாமே நீ, ஜில்பெர் சொன்னான்."

"நான் குளிக்கல."

"கேட்டேனா?"

"வெரதத்துல இருக்கீங்க. கிட்ட வராதீங்க. கோயில்ல தெரிஞ்சா..."

"தெரியட்டும். வேண்டுனவ நீ. சோத்த நீ தின்னா சாமிக்கு என்ன கொறையுது?" தூக்கைத் திறந்தான். கைகளில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். அதுவரை அவன் பேசியதை நம்பாதவள் அந்தக் கைகளைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "எடுத்துக்க. ஆறிப் போகுது."

கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள். பூசணி, பருப்பு, சோறு. பாதியைத் தின்றுவிட்டுத் தூக்கை அவன் பக்கம் தள்ளினாள். மிச்சத்தை அவன் தின்றான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"உப்பு சரியா இருக்கு," என்றாள்.

கோயிலில் தெரிந்துவிட்டது. தங்கச்சிக்கு மருந்து வாங்க வந்து பார்த்துவிட்ட ஆந்த்ரே வாயில் எது நிற்கும்? மருதையைக் காவடி வரிசையில் முன்னால் நிற்க விடவில்லை. கடைசி ஆளாக, எல்லோருக்கும் பின்னால் இருபது அடி தள்ளித் தூக்கி வந்தான். யாரும் அவனுக்குப் பாடவில்லை. பக்கத்தில் நல்லம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். இந்தத் தடவை தள்ளி நிற்கவில்லை.

கொடி இறங்கி இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனாள். வாளி வாசலில் இல்லை. பின்னறையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று ஜில்பெர் கேட்டானாம். வேண்டாம் என்றாளாம். கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் அப்படியே இருந்தன.

மருதை என்னோடு மறுபடி பேச ஆரம்பித்த பிறகு ஒருநாள் அந்தப் பழைய காகிதத்தைக் கேட்டேன். கிழித்துப் போட வேண்டும் என்றேன்.

"அது எப்பவோ அடுப்புக்குப் போச்சுண்ணே."

"அந்த அறை?"

"சாவி அவகிட்டதான் இருக்கு. முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கா. கவுன் போட்டா பையில."

"திருப்பிக் கொடுத்துடுன்னு சொல்லலையா?"

சாலையைப் பார்த்தான். தூரத்தில் எங்கேயோ சைக்கிள் மணி கேட்டது. அவளுடையதா வேறு யாருடையதா என்று காது கொடுத்துக் கேட்டான்.

"சொன்னா கொடுத்துடுவா," என்றான். "அப்புறம் அவ வீட்டுல இருக்குறது அவளா விரும்பி இருக்குறதா, வேற எடம் இல்லாம இருக்குறதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மணி நெருங்கி வந்தது. மருதை எழுந்து அடுப்பைப் பார்க்க உள்ளே போனான்.