சேனை வைத்த விரல்

நண்பனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று குத்தாலம் வரை போய்வந்தேன். நண்பன் இருந்தான், அவன் மனைவி இருந்தாள், இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் இருந்தார்கள். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் இல்லை. "ஒரு சொட்டு வைங்க" என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறாரோ, அவருடைய குணம் வரும் என்பார்கள். அதுதான் சேனை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காலேஜில் சேர்ந்ததும், தெருவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போவேன். இரண்டு அரியர் வைத்திருந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவின் மூத்த பையனுக்கும் நான்தான் வைத்தேன். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு; பத்து நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டான். கிராம நர்ஸ் யாரையும் திட்டவில்லை. "கை, கிண்ணம், தண்ணி... எதுல வேணா வந்திருக்கும்" என்றார். நான் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காவுக்கு அடுத்தது பெண் குழந்தை. எடை குறைவு. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் தெரு மகளிர் குழுவினர் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். நடவு வயலிலிருந்து வந்த சேற்றுக்காலை வாசலில் கழுவி, கைக்குச் சோப்புப் போட்டு, பிள்ளையை அக்காவின் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிடுவார்கள்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே அக்காவின் மாமியார் கிண்ணத்தோடு என் முன்னால் நின்றார். "வைங்க தம்பி. மூத்தவனுக்கு வச்சீங்கள்ல, இவளுக்கு மட்டும் படிப்பு வேணாமா?"

அக்கா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

குழுவின் ஆரோக்கியமேரி அக்காதான் கிண்ணத்தை வாங்கினார். "வேணாம்னு யாரு சொன்னா பெரியம்மா? தம்பி தாய் வாயில வைக்கட்டும். பாலாப் புள்ளைக்குப் போயிரும்."

மாமியார் யோசித்தார். "தம்பி படிப்பு வந்துருமா?"

"வடிகட்டி வரும். அவரு சோம்பேறித்தனமெல்லாம் அங்கயே நின்னுரும்."

முதலில் சிரித்தது மாமியார்தான். நான் அக்கா வாயில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். நர்ஸ் சொன்னதை எங்கள் தெருப் பேச்சில் சொல்ல அந்தப் பெண்களால்தான் முடிந்தது.

அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாட்டில் என்னை மடக்குகிறாள். அதன்பின் தெருவில் சேனை தாய்க்கு என்றானது. பிறகு அதுவும் நின்றது. என் சேனை உத்தியோகம்தான் போயிற்று. அந்தப் பெண்களுக்கு ஆன மொத்தச் செலவு, ஒரு ஸ்பூன் சர்க்கரை.