கெய்லா உட்கார்ந்த நாற்காலி

ஹூஸ்டனில், ஹில்கிராஃப்ட் சாலையின் மளிகைக் கடையை ஒட்டிய அழகு நிலையம். நூலால் புருவம் திருத்திக்கொள்ள நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன். சுவரில் டிவி ஓடுகிறது. போன வாரம் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு கறுப்பினத் திருநங்கையை, அவள் என்றோ உதறிவிட்ட ஆண் பெயரில் செய்தி வாசிக்கிறார்கள். கடை நடத்தும் செல்வி அக்கா, பல்லில் கடித்திருந்த நூலைத் துப்புகிறார்.

"அவ பேரு கெய்லா. இந்தச் சேர்லதான் உக்காருவா. டிவிக்காரங்களுக்கு கால் பண்ணிச் சொன்னேன். டிரைவிங் லைசென்ஸ்ல இருக்கற பேரத்தான் படிப்போம்னுட்டாங்க. அத மாத்தத்தானே அவ அவ்ளோ அலைஞ்சா!"

"அடக்கத்துக்குப் போனீங்களாக்கா?"

"போனேன். அவ வீட்டு ஆளுங்க முடிய ஒட்ட வெட்டி, கோட் சூட் மாட்டிப் பெட்டில வச்சிருந்தாங்க. பாஸ்டர் மூச்சுக்கு மூச்சு 'அவன், அவன்'னாரு. அவ ஃப்ரெண்ட்ஸ சர்ச்சுக்குள்ளயே விடல. எல்லாம் பார்க்கிங் லாட்ல நின்னு அழுதுதுங்க."

"உங்களை மட்டும் விட்டாங்களா?"

"என்னை யாருக்குத் தெரியும்?"

புது நூலை இழுத்து அறுக்கிறார். அதைப் பல்லில் கடிக்கும் முன் சொல்கிறார்:

"கிட்டப் போய்ப் பாத்தேன். நான் எடுத்துவிட்ட புருவம் மட்டும் அப்படியே இருந்துச்சு. அது ஒண்ணுதான் அவளோடது."