பெயருக்கு விட்ட இடம்

எழுத்துகள் பெரிதாகவும் கோணலாகவும் இருக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதக் கற்றவன் நான். ஒரு வரி முடிவதற்குள் ஒரு டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதுவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உக்கடத்தில் கேசட் பதிவுக்கடை வைத்திருந்த அருள்தாஸைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை 'ழ' எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் வந்து, "ஏனுங்க, நம்ம அருளு மாரடைப்புல போயிட்டாருங்க" என்றார். நான் அந்த 'ழ'வை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

முப்பது வருடம் மில்லில் பஞ்சு மூட்டை தூக்கியவன் நான். பழைய பாட்டு பதியத்தான் அவர் கடைக்குப் போனேன். அன்று டேப்பில் பாட்டே இல்லாமல் வெறும் கொட்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

"டேப்பு சிக்கிக்கிச்சா கண்ணு?" என்றேன்.

"இல்லீங்க பெரியப்பா. பாட்டுல கொட்டு மட்டும் வர்ற எடத்த எடுத்து, ரெண்டு டேப்புல மாத்தி மாத்திப் பதிஞ்சு ஒட்டியிருக்கறேன். ஹிப் ஹாப்புங்க. இதுக்கு மேல பாடோணும்னு இல்ல, தாளத்துல பேசினாப் போதும்."

பாட வேண்டாம் என்றதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

இன்னொரு நாள், மில் எந்திரம் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டார். வாயாலேயே ஓட்டிக் காட்டினேன். "இதத்தானுங்க அமெரிக்காவுல வாயில கொட்டடிக்கறாங்க" என்று சிரித்தார்.

"அவனும் மில்லுல வேல செஞ்சிருப்பானாட்ட இருக்குது" என்றேன்.

பிறகு என்னையே பேச வைத்துப் பதிந்தார்.

"பஞ்சு தூக்கி முதுகு வளைஞ்சுது,
பஞ்சு ஒட்டி மீசை நரைச்சுது,
கைநாட்டு வெச்ச வெரலு நிமிந்துது."

"நாலாவது வரியில உங்க பேரச் சொல்லோணுங்க. பேசறவன் பேரு இல்லாம இது முடியாது" என்றார். மில்லில் எனக்கு நம்பர்தான், வெளியே 'டேய்'. பெயரை உரக்கச் சொல்லிப் பழக்கமில்லை. வாயைத் திறந்தேன், இருமல் வந்துவிட்டது. அழிக்கச் சொன்னேன்.

"இருமலும் தாளத்துலதான் உழுந்திருக்குதுங்க, இருக்கட்டும்" என்று அதையே நான்கு தடவை ஒட்டினார். "பேர அடுத்த வாரம் வந்து சொல்லிப்போட்டுப் போங்க."

நான் போகவில்லை. வெட்கம். மூன்று வாரம் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன்.

அடக்கத்தன்று அவர் மனைவி அந்தக் கேசட்டை என் கையில் கொடுத்தார். "உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தாருங்க." வீட்டில் போட்டுக் கேட்டேன். என் இருமல் நான்கு தடவை வருகிறது. பிறகு அருளின் குரல்: "இன்னொருக்கா சொல்லுங்க பெரியப்பா." அதன்பின் கொட்டு மட்டும் ஓடுகிறது, அந்தப் பக்கம் முடியும்வரை.

கேசட் அட்டையில் பெயருக்கென்று ஒரு விரல் நீளம் இடம் விட்டிருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இடம்தான். என் எழுத்து அதில் அடங்காது. சின்னதாக எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் என் பெயரை அதில் எழுதி, அந்தக் கொட்டோடு வாய்விட்டுச் சொல்லியும் விட்டு, உங்களுக்கு எழுதுகிறேன்.