மற்றக் கூடையில் இருந்த வேர்

எங்கள் வீட்டு மருந்துச் சரக்குகள் ஒரு பழைய பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தன. சடாமாஞ்சில், கடுகுரோகிணி, கோட்டம், அதிவிடயம். நான்கும் பனி விழும் மலைகளில் முளைப்பவை. நயினாதீவில் ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. மழைவெள்ளம் எந்தப் பக்கம் வடியும் என்று யோசிக்க வேண்டிய நிலம். இருந்தும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் கை முதலில் போவது அந்தத் தகரத்துக்குத்தான்.

வேலியில் நிற்கும் ஆடாதோடையை இலையாலும் பூவாலும் மணத்தாலும் அறிவோம். யாராவது பிழையான இலையைப் பிடுங்கி வந்தால் படலையிலேயே சிரித்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். மலைச் சரக்குகளை நாங்கள் உயிரோடு கண்டதில்லை. அவை காய்ந்து, கடதாசியில் சுற்றப்பட்டு, ஒரு பெயரோடு வந்து சேர்பவை. அந்தப் பெயரை நம்பித்தான் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுத்தோம்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தது போலாகிவிடும்.

அக்கா இமயமலைப் பக்கம் யாத்திரைக்குப் புறப்பட்டபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வயிற்றோட்டத்துக்கு உரைக்கும் அதிவிடய வேர் இங்கே கடைகளில் பூச்சி அரித்துத்தான் கிடைக்கும். அது முளைக்கும் இடத்திலேயே கொஞ்சம் வாங்கி வரச் சொன்னேன். அவர் மறக்கவில்லை. திரும்பி வந்த அன்று அயலவர்களுக்குத் தீர்த்தமும் திருநீறும் கொடுத்த பிறகு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சிவப்புத் துணி முடிச்சைத் தந்தார்.

"ஊர்க் கடையிலை கிடைக்கிற சாமான் மாதிரி இல்லைத் தம்பி. அவிட்டுப் பார், ஒவ்வொண்டும் என்ரை பெருவிரல் பருமன். சந்நிதியிலை வைச்சு எடுத்துக்கொண்டு வந்தனான்."

யாத்திரையிலிருந்து வருவதை இரண்டு கையாலும் வாங்கி, முதலில் சுவாமி அறையில் வைப்பது எங்கள் வழக்கம். அதை முகர்ந்தும் கீறியும் சோதிப்பவர் யாருமில்லை. தகரத்தில் இருந்த பழைய வேர்கள் மெலிந்தவை, சாம்பல் நிறம். அக்கா கொண்டுவந்தவை கொழுத்தவை, கருமையானவை. வித்தியாசம் என் கண்ணில் படாமல் இல்லை. புதுச்சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை காலை, மனைவி முதல் படகில் யாழ்ப்பாணம் போயிருந்த நேரம், மகளுக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை, உடம்பும் சுட்டது. நான் உரைகல்லைக் கழுவி, கொதித்தாறிய தண்ணீர் விட்டு, அந்த வேரில் ஒன்றை எடுத்து உரைத்தேன். வயதுக்கு ஒரு சுற்று என்று எண்ணி உரைப்பது வழக்கம். உரைத்தவர் முதலில் தன் நாக்கில் தொட்டுப் பார்ப்பதும் வழக்கம். தொட்டேன். அதிவிடயம் நன்றாகக் கைக்கும். இது அவ்வளவு கைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனி ஊசி குத்துவது போலாகி, விறைத்தது.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பது எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. மலையிலிருந்து நேரே வந்தது, அதுதான் இந்த வீரியம் என்று நினைத்தேன்.

"அப்பா, கைக்குமோ?" என்று மகள் கேட்டாள்.

"பெரிசாக் கைக்காது. கொஞ்சம் விறைக்கும். அப்பாவுக்கும் விறைச்சதுதான். நல்ல மருந்து அப்பிடித்தான் இருக்கும்."

"அவ்வளவு நல்லதெண்டால் நீங்களே முழுக்கக் குடியுங்கோவன்."

சிரித்துக்கொண்டு கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக் குடித்தாள்.

அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. "வாய்க்குள்ளை எறும்பு ஓடுதப்பா" என்றாள். பிறகு சத்தி எடுத்தாள். விரல்கள் தன்னுடையவை மாதிரி இல்லை என்றாள். நாடி பிடித்துப் பார்ப்பதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நான் செய்து காட்டுகிறேன். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். துடிப்பு மெதுவாக வந்தது. இடையில் ஒன்று வரவேயில்லை. மறுபடி ஒன்று வரவில்லை. அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டது மட்டும்தான் அன்று நான் சரியாகச் செய்த காரியம். டொக்டர் ஊசி ஏற்றிவிட்டு, நேரம் கடத்தாமல் படகுக்குச் சொன்னார். குறிகட்டுவான் இறங்குதுறைவரை கடல் கொந்தளித்தது. நான் மடியில் கிடந்த மகளைப் பார்ப்பதும் கரையைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"மாஸ்டர், கரையைப் பாக்காதேங்கோ. பாத்தால் அது கிட்ட வராது. பிள்ளையோடை கதையுங்கோ" என்றார் படகோட்டி.

என்ன கதைப்பது என்று தெரியாமல் ஏழாம் வாய்பாட்டைக் கேட்டேன். ஏழைந்து முப்பத்தைந்துவரை சொன்னாள். அம்புலன்ஸ் மண்கும்பானைக் கடக்கும்போது கடற்கரையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை என்பது அப்போதுதான் திரும்ப நினைவுக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் அவளை இதயத் துடிப்பு காட்டும் இயந்திரத்தோடு இணைத்தார்கள். மனைவி வந்து சேர்ந்தார். பின்னேரம் ஒரு சித்த வைத்தியரை அழைத்து வேரைக் காட்டினார்கள். அவர் ஒன்றைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது அதிவிடயம் இல்லை. அதின்ரை சாதிதான், அதே மலையிலைதான் முளைக்கும். இது நாபி. நஞ்சு. சுத்தி செய்யாமல் நாங்கள் கிட்டவும் எடுக்கமாட்டம். கல்லிலை உரைச்சதாலை கொஞ்சம்தான் உள்ளை போயிருக்கு. தூளாக்கிக் குடுத்திருந்தால் நாங்கள் இப்ப வேறை கதை கதைச்சுக்கொண்டிருப்பம்." பிறகு என்னைப் பார்த்தார். "அதிவிடயம் கைக்கும், விறைக்காது. நாபி விறைக்கும். அதுக்குத்தானே நாக்கிலை தொட்டுப் பாக்கிறது. நீங்கள் பாக்கேல்லையோ?"

மனைவி எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"இல்லை" என்றேன்.

இரண்டு நாள் அந்த இயந்திரத்தின் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. மகள் பசிக்கிறது என்றாள்.

நான் சொன்ன அந்த ஒரு சொல்லால் பழி முழுவதும் அக்காவிடம் போய்ச் சேர்ந்தது. மனைவி அவரோடு கதைக்கவில்லை. அயலில், கோயிலுக்குப் போய் நஞ்சு வாங்கி வந்தவர் என்று சொன்னார்கள். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் அக்கா எங்கள் படலைப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. பாடசாலையில் வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மகள் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு பின்னேரம் அவர் வந்தார். மெலிந்திருந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே மனைவியிடம் சொன்னார்.

"நான் அங்கை நடந்ததைச் சொல்லிப்போட்டுப் போறன். அந்த மலைக்காரன் ரெண்டு கூடை வைச்சிருந்தவன். நான் அதிவிடயம் எண்டு கேக்க, ஒரு கூடையிலையிருந்து சூம்பிப்போன வேராத்தான் தந்தவன். என்னை ஏய்க்கிறான் எண்டு நினைச்சன். சந்தையிலை கிழங்கு வாங்கிற மாதிரி மற்றக் கூடைக்குள்ளை கையை விட்டு, கொழுத்ததாப் பாத்துப் பொறுக்கினனான். அவன் கத்தினவன். கையாலையும் மறிச்சவன். நல்லதைத் தர மனமில்லாமல் கத்திறான் எண்டு நான் இன்னும் ரெண்டைக் கூட எடுத்தனான்." அவர் அழத் தொடங்கினார். "என்ரை கையாலைதான் இவளுக்கு நஞ்சு வந்தது."

மகள் கட்டிலில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள்.

"மாமி அழாதேங்கோ. அப்பாவும் முதல் தொட்டுப் பாத்தவர். அவருக்கும் நாக்கு விறைச்சதாம். நல்ல மருந்து எண்டு சொன்னவர்."

குசினிப் பக்கம் திரும்பிய மனைவி அப்படியே நின்றார். அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"விறைச்சதோ?"

"ஓம்."

"விறைச்ச பிறகும் குடுத்தனியோ?"

"ஓம் அக்கா. ஆஸ்பத்திரியிலை கேக்கேக்கை இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

 அக்கா கதிரையை இழுத்து இருந்தார்.

"அவன் கத்தினது எனக்கு விளங்கேல்லை, தம்பி. அவன்ரை பாஷை வேறை. உனக்குச் சொன்னது உன்ரை நாக்கு."

மனைவி குசினிக்குள் போய் ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். எனக்குக் கொண்டுவரவில்லை.

தகரம் இப்போது வீட்டில் இல்லை. உரைகல் கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கிறது. போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தந்த சிரப்பைக் கரண்டியில் விட்டு நீட்டினேன். அவள் உடனே குடிக்கவில்லை. நாக்கு நுனியால் தொட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நானும் காத்திருந்தேன்.

"விறைக்கேல்லை" என்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.