சத்தத்தோடு மலையேறிய கார்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், கீரிப்பாறை ஏற்றத்தில், என் அத்தான் தம்முடைய காரின் குடலை உருவி நடுரோட்டில் போட்டார். தம் கையாலேயே!

அத்தான் என்றால் என் அக்காள் புருஷன். பூதப்பாண்டியில் வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர். கனமான மனிதர் – நான் உடம்பைச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய மோட்டார் கார் வாங்கினார். வாங்கிய அன்றைக்கே அதில் ஒரு குறையும் கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடுகிறதாம்!

மோட்டார் கார் சத்தம் போடாமல் வேறென்ன செய்யும்? கேட்டேன்.

“பெரிய மனுசன் வண்டின்னா அனக்கம் காட்டப்பிடாது மாப்பிளே. வாசல்ல வந்து நின்ன பொறவுதான் வந்திருக்குன்னே தெரியணும்.”

அப்புறம் தொடங்கியது வைத்தியம். சொந்தத் தோப்புக் கதம்பைதான் மருந்து. தேங்காய் மட்டையை அடித்து, நாரும் தூளுமாகக் காரின் அடிப்பலகைக்குக் கீழே திணித்தார். அதன்மேல் கயிற்றுப் பாய். எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் கம்பளி. கதவுக்குள்ளே, சீட்டுக்கு அடியிலே... விட்ட இடம் பாக்கி இல்லை. பொய் சொல்லக் கூடாது, சத்தம் குறையத்தான் செய்தது. உள்ளே உட்கார்ந்தால் அத்தான் பேசுவது மட்டும்தான் கேட்கும். எனக்கென்னவோ எஞ்சினே தேவலை என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவுகிற நேரம். முற்றத்தில் ஒரு ஆள் சொட்டச் சொட்ட வந்து நின்றான். மலைமேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். செல்லையன் என்று பேர். பெண்சாதிக்கு முந்தின நாள் விடியற்காலை பிடித்த வலி, பிள்ளை இன்னும் வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். லேடி டாக்டரைத் தேடி மலையிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். கட்டிலில் வைத்துத் தூக்கி வரட்டுமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா கூடவே கூடாது என்றுவிட்டாராம். “நான் வாறேன், வண்டி பிடி” என்றாராம். பூதப்பாண்டியில் வண்டி என்றால் அத்தான் வீட்டு வாசலில் நிற்பதுதான்.

அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். ஈரக் கையோடு எழுந்து வந்தார். டிரைவர் தங்கையன் முன்பக்கம் கைப்பிடியைப் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். செல்லையன், அத்தான், நான் – ஏறிவிட்டோம்; வழியில் டாக்டரம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். நான் எதற்கு? தெரியவில்லை. பத்திரிகைக்காரன் புத்தி, வேறென்ன!

சமதரையில் ஓடிய வண்டி ஏற்றத்தில் பாதி போனதும் முனகிற்று... நின்றது... பின்னால் வழுக்கியது. இரண்டாம் தடவையும் அப்படியே. நாங்கள் இறங்கிக்கொண்டோம். மூன்றாம் தடவையும் அதே கதை. தங்கையன் காருக்கு அடியில் குனிந்து, பலகை இடுக்கில் விரலை விட்டு, வெளியே எடுத்துக் காட்டினான். விரல் நுனியில் தண்ணீர் ஒழுகியது.

“மொதலாளி, கதம்பை ஊறிப்போச்சு. இந்தப் பாரத்தோட வண்டி கேறாதாக்கும்.”

கதம்பையைக் குளத்தில் ஊறப்போட்டுத்தானே நம் ஊரில் கயிறே திரிக்கிறார்கள்? ஊறினால் எவ்வளவு கனக்கும் என்று தோப்புக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஐப்பசி மழையில் சக்கரம் வாரியடித்த தண்ணீரையெல்லாம் குடித்து வைத்திருக்கிறது!

அத்தான் காரைப் பார்த்தார். “வேற வழி ஒண்ணும் இல்லியா?” என்றார். ஆறு மாத ஆசை அல்லவா.

“மேல ஒருத்தி கிடந்து துடிக்கா. நடந்து போனா நான் பிள்ளையைப் பாக்க மாட்டேன், பொணத்தைத்தான் பாப்பேன்” என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டினார். பின்சீட்டு வெளியே வந்தது. பலகைகள் வந்தன. பிறகு கதம்பை – வாரி வாரிப் போட்டார், கம்பளியைப் பிய்த்தார், பாயை நானும் அவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தும் தூக்க முடியவில்லை, இழுத்துத் தள்ளினோம். டாக்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். காலுக்குக் கீழே பலகை இல்லை. இரும்புச் சட்டத்தில் காலை ஊன்றி, பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டார். செல்லையன் காரின் பக்கப் படியில் தொற்றிக்கொண்டான். அவன் உடம்பில் எலும்பைத் தவிர எடை ஏது?

தங்கையன் எஞ்சினை முடுக்கினான்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுத? கோயில் கதினா வெடிகளை ஒன்று பாக்கியில்லாமல் வரிசையாகக் கொளுத்தியதுபோல் இருந்தது. கிளைகளிலிருந்து குரங்குகள் சிதறி ஓடின. வண்டி அசைந்தது... வழுக்கவில்லை... ஏறியது! வளைவில் மறைந்த பிறகும் சத்தம் மட்டும் எங்களோடு நின்றது. மலை அதை வாங்கி, பெரிதாக்கி, எதிர்மலைக்குக் கொடுத்தது. ஒரு வளைவு, அடுத்த வளைவு என்று மேலே மேலே போனது. நானும் அத்தானும் மழையில் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நின்றோம். ஒரு பழைய காருக்குள் இத்தனை பெரிய குரலா!

“நம்ம வண்டியா இது?” என்றார் அத்தான்.

மழை விட்டதும் நடந்தே மேலே போனோம். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். தோட்டத் தொழிலாளர் லயத்தில், செல்லையன் வீட்டு வாசலில் டாக்டரம்மா கருப்புக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். காதைக் கையால் தட்டிக்கொண்டே, “பெண் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்” என்று தேவையில்லாமல் கத்திச் சொன்னார். காது இன்னும் அடைப்பு விடவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்குள்ளே தொங்கவிட்ட சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. நார் மாதிரி மெலிந்த குரல்.

“காருக்கார மொதலாளி வந்திருக்காரா?”

அத்தான் தயங்கித் தயங்கி, “ஆமா மக்கா, நான்தான்” என்றார்.

“எனக்குத் தாங்க முடியல மொதலாளி. போதும், போயிருவோம்னு கண்ணை மூடிட்டேன். அப்பம் கீழ இருந்து சத்தம் கேட்டுது. டாக்டரு வாறாங்கன்னு எல்லாரும் சொன்னாவ. ஒரு வளைவு கேறிட்டுது, இன்னொரு வளைவு கேறிட்டுதுன்னு எனக்குக் கேட்டுக்கிட்டே கிடந்துது. அடுத்த வளைவு வரைக்கும் பொறுப்போம்... அதுக்கடுத்த வளைவு வரைக்கும் பொறுப்போம்னு... அப்பிடியே உசுரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்.”

அத்தான் சேலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

உதவி செய்கிறவன் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று இதே பக்கத்தில் நானும் பலமுறை எழுதியிருக்கிறேன் – வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.