நான்கு முறை எழுதப்பட்ட கதவு

எங்கள் ஊர் முதியோர் இல்லத்தின் சமையலறையில் நோரீன் பெட்ராக் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். உப்புக் கூடாதவர், சர்க்கரை கூடாதவர், பல்லே இல்லாதவர் என்று அறுபது பேருக்கும் வாய்க்குப் பிடிக்கிற மாதிரி சமைப்பார். அவருடைய முட்டைக்கோஸ் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று அடம்பிடித்த கிழவர்கள் உண்டு. கணவர் ஓஹையோ ஆற்றில் நிலக்கரிப் படகு வேலைக்குப் போனவர், வேறொரு ஊர்க் கரையில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். மிஞ்சியது கோல்பி, ஒரே மகன்.

கோல்பி பள்ளியை முடித்த வருடம் உருக்காலை மூடிக் கிடந்தது. பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வக்கீல் பிள்ளைகளும் டாக்டர் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி இங்கிருந்து நாற்பது மைல். அங்கே அந்த மேசையை நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வயதில் ஆப்கானிஸ்தானிலிருந்து கோல்பி பெட்டியில் திரும்பி வந்தான். வீட்டு வாசலில் வந்து நின்ற அதிகாரி நோரீனிடம் மூன்று விஷயங்கள் சொன்னார். போர் நடவடிக்கையில் இறந்தான். வலி தெரிந்திருக்காது. உயிர் உடனே போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து ஆற்றங்கரைப் பூங்காவில் நினைவிடம் எழுந்தது. நகரத்திலிருந்து வந்த சிற்பி ஒரு பெண். எங்கள் மாவட்டத்தில் இறந்த பத்தொன்பது பேரின் வீட்டு வாசலிலிருந்தும் அஞ்சல் பெட்டியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் அப்படியே இரும்பில் வார்த்துக் கம்பத்தில் நிறுத்தினார். துருவும் நெளிவும்கூடத் தப்பவில்லை. பதினான்கு வயதில் கோல்பி பேஸ்பால் மட்டையால் அடித்த பள்ளம் அவன் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. கடிதம் எடுத்துப்போக வேண்டும் என்று தபால்காரருக்குச் சொல்ல, பெட்டியின் சின்னக் கொடியைத் தூக்கி வைப்போம் அல்லவா? பத்தொன்பது கொடிகளும் தூக்கிய நிலையிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. எடுத்துப்போக யாரும் வரப்போவதில்லை என்று அந்தச் சிற்பி சொல்லாமல் சொன்னார். நல்ல கலைஞர்.

கெடுத்தது கல்வெட்டு. அதை நினைவிடக் குழு எழுதியது. 'வீழ்ந்த வீரர்களுக்கு.' வீழ்ந்தார் என்பது வசதியான சொல். கால் தவறித் தானே விழுந்த மாதிரி. தள்ளிவிட்ட கையை அந்தச் சொல்லுக்குள் தேடினால் கிடைக்காது.

சனிக்கிழமைதோறும் நோரீன் வாளியும் பிரஷும் கொண்டுவந்து கோல்பியின் பெட்டியில் பறவை எச்சத்தைத் தேய்த்துக் கழுவுவார். பிறகு அழுக்குத் துணி மூட்டையோடு காசு போட்டால் ஓடும் சலவைக்கடைக்குப் போவார். ஒவ்வொரு அக்டோபரிலும், கோல்பி இறந்த ஒன்பதாம் தேதியை ஒட்டி, பெட்டியின் மேல் ஒரு கால் டாலர் காசு கிடக்கும். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். ஆறு வருடம் இப்படியே போனது.

ஆறாவது முறை எடுத்தபோது எல்வுட் பார்த்துவிட்டார். எல்வுட் வியட்நாமுக்குப் போய் வந்தவர். பூங்காவில் புல் வெட்டுகிறார்.

"ஏம்மா நோரீன், உண்டியல்ல கை வைக்கிறியே!" புல் வெட்டும் வண்டி மேலிருந்தே கத்தினார்.

"உன் பாட்டன் வீட்டு உண்டியலா? பசங்க நீரூத்துல காசு போட்டு வேண்டிக்கிற மாதிரி இதும்மேலயும் வெச்சிட்டுப் போகுதுங்க."

"எடுத்து என்ன பண்ணுவே?"

"துணி துவைப்பேன். மெஷின் கால் டாலராத்தானே தின்னுது."

எல்வுட் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "இதுக்கு முன்னாடியும் எடுத்திருக்கியா?"

"வருஷா வருஷம். ஏன், போலீசக் கூப்பிடப் போறியா?"

"அது பசங்க வேலை இல்ல நோரீன். பட்டாளத்துக்காரன் வழக்கம். ஒரு சென்ட் வெச்சா, வந்து பாத்துட்டுப் போறேன்னு அர்த்தம். அஞ்சு வெச்சா கூடப் பயிற்சி எடுத்தவன். பத்து வெச்சா கூட வேலை பாத்தவன்."

"கால் டாலர்?"

எல்வுட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சொல்லித் தொலைய்யா."

"சாகும்போது பக்கத்துல இருந்தவன்."

அன்று நோரீன் சலவைக்கடைக்குப் போகவில்லை. நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு மூட்டையோடு வந்து உட்கார்ந்தார். "உடனே போயிட்டான்னாங்க. பக்கத்துல யாரும் இருந்ததா ஒருத்தனும் சொல்லல. ஒருத்தன் ஆறு வருஷமா வந்து, நான் பக்கத்துல இருந்தேன், இருந்தேன்னு சொல்லிட்டே இருந்திருக்கான். நான் அதை எடுத்து மெஷின்ல போட்டு அழுக்கெடுத்திருக்கேன்" என்றார்.

அடுத்த அக்டோபர் ஒன்பது செவ்வாய்க்கிழமை வந்தது. நோரீன் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே காபியோடு பூங்கா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணிக்கு மிச்சிகன் எண் போட்ட ஒரு பழைய கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். நேராகக் கோல்பியின் பெட்டியிடம் போய்ப் பையில் கைவிட்டார்.

"அதை வைக்காதே. கையில குடு" என்றார் நோரீன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க கோல்பியோட அம்மா."

"நீ யாரு?"

"ஓச்சோவா. வண்டி ஓட்டுனது நான், மேம்."

பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னாராம். நோரீன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்று குண்டு வெடிக்கவில்லை. எதிரி என்று யாரும் கண்ணில் படவும் இல்லை. பாசனக் கால்வாய்க் கரைமேல் கவச வண்டி போய்க்கொண்டிருந்தது. பதினெட்டு டன். கரை அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. வண்டி தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. ஓச்சோவா முன்பக்கமாக வெளியே வந்துவிட்டார். பின்னால் கோல்பியோடு இன்னும் இரண்டு பேர். பின்கதவு திறக்கவில்லை.

"உள்ள இருந்து தட்டுனாங்க, மேம். நான் வெளிய இருந்து கம்பிய வெச்சு நெம்பினேன்."

"எவ்வளவு நேரம் தட்டுனாங்க?"

"மேம், வேண்டாம்."

"நான் அவனப் பெத்தவ. கேக்கறேன், சொல்லு."

"பதினோரு நிமிஷம்."

காரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தார் ஓச்சோவா. வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர் நிரப்ப வேண்டிய சோதனைத் தாளின் நகல். 'பின்கதவுத் தாழ் இறுகிப் போயிருக்கிறது. உள்ளிருந்து திறக்க முடியவில்லை.' நான்கு வாரங்களில் நான்கு முறை ஓச்சோவா எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே பதில்: உதிரிபாகம் வரவில்லை, வண்டி ஓடலாம். கீழே ஒரு அதிகாரியின் கையெழுத்து.

"என்ன மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கிறேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் நோரீன். "நீ நாலு தடவை எழுதியிருக்கே. மன்னிப்புக் கேக்க வேண்டியவன் நீ இல்ல. கையெழுத்துப் போட்டவன் எங்கயோ பென்ஷன் வாங்கிட்டு மீன் பிடிச்சிட்டிருப்பான்."

விசாரணை அறிக்கையைக் கேட்டு ராணுவத்துக்கு விண்ணப்பம் எழுத நான் உதவினேன். ஐந்து மாதம் கழித்து நாற்பத்தொரு பக்கம் வந்தது. பாதிக்கு மேல் கறுப்பு மை பூசியிருந்தது. தெரிந்த வரிகளில் கரை சரிந்த கதை இருந்தது. மண்ணின் தன்மை பற்றி மட்டும் இரண்டு பக்கம். கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மண்ணைக் குற்றம் சாட்டினால் மண் வழக்குப் போடாது.

நோரீன் சோதனைத் தாளையும் அறிக்கையையும் நூலக மேசையில் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடவுள் அவனக் கூப்பிட்டுக்கிட்டார்னு பாதிரியார் சொன்னாரே" என்றார். "கதவச் சாத்திப் பிடிச்சுக்கிட்டா கூப்பிட்டார்?"

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாளில், எங்கள் ஊரில் ஒரு வழக்கம். குடும்பத்தில் ஒருவர் பெட்டியின் அருகே நின்று, குழு கொடுத்த அட்டையிலிருந்து ஒரு வாக்கியம் படிப்பார். பூங்காவுக்குக் கொண்டுவந்து மாட்டிய தீயணைப்பு நிலைய மணி ஒருமுறை அடிக்கும். அடுத்தவர் படிப்பார். பத்தொன்பது அட்டைகளிலும் பெயரும் வயதும்தான் மாறும். 'நாட்டுக்காகப் போரிடுகையில் வீழ்ந்தார்' என்பது மாறாது.

அந்த வருடம் நோரீனின் முறை பன்னிரண்டாவது. அவருக்கு முன்னால் படித்தவர் பிரெண்டா ஹோல்ட்ரன். அவர் மகனும் ஆப்கானிஸ்தானில்தான் இறந்தான். இரண்டு பேரும் அத்தனை வருடமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்துக் கைக்குட்டைக் காகிதத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள். பிரெண்டா அட்டையைப் படித்தார். மணி அடித்தது.

நோரீன் அட்டையைத் திருப்பிப் பிடித்தார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

"கோல்பி பெட்ராக், வயசு இருபத்திரண்டு. கால்வாயில கவுந்த வண்டிக்குள்ள மூழ்கிச் செத்தான். கதவு திறக்காதுன்னு நாலு தடவை எழுதிக் குடுத்தும் அதே வண்டிய அனுப்புனாங்க. பதினோரு நிமிஷம் தட்டினான்."

மணி அடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர் குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் விட்டேக்கர், ஓய்வுபெற்ற கர்னல். அவர் எழுந்து வந்து மைக்கைக் கையால் மூடினார். "நோரீன், இது அரசியல் பேசற இடம் இல்லம்மா."

"அரசியலா? தாழ்ப்பாள்னு சொன்னேன் கர்னல்."

"மத்த குடும்பங்களும் இருக்காங்க. அவங்களப் பத்தி யோசி."

"யோசிச்சேன். அவங்களுக்கு என்ன சொல்லி அனுப்பியிருக்காங்களோன்னுதான் யோசிச்சேன்."

அதற்குள் எல்வுட் போய்க் கயிற்றை வாங்கி இழுத்துவிட்டார். மணி அடித்தது. மீதி ஏழு பேரும் அட்டையில் இருந்ததையே படித்தார்கள், வழக்கத்தைவிட வேகமாக. கூட்டத்தின் கடைசியில் ஓச்சோவா நின்றிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்திருந்த மேசையருகே நோரீன் பிரெண்டாவிடம் போனார்.

"பிரெண்டா."

"பேசாதே" என்றார் பிரெண்டா. "என் பிள்ளைக்கும் வலி தெரியலன்னுதான் சொன்னாங்க. அத வெச்சுக்கிட்டுதான் நான் தினம் காலையில எந்திரிக்கிறேன். நீ அதப் புடுங்கிட்டே."

"பொய்ன்னு தெரிஞ்சா உனக்கு வேண்டாமா?"

"வேண்டாம். என் பிள்ளை கதைய யாரு கேட்டா? இனிமே என் பக்கத்துல உக்காராதே."

இதை எழுதும்போதும் பிரெண்டாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மைதான் எப்போதும் நல்லது என்று படித்தவன் நான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்று அந்த உண்மைக்கான விலையை ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்தான் வசூலித்தாள். கையெழுத்துப் போட்டவனிடமிருந்து யாரும் ஒன்றும் வாங்கவில்லை. பொய்யின் வேலையே அதுதான். நொந்தவர்களையே ஒருவருக்கொருவர் காவலாக நிறுத்திவிட்டு, அது நிம்மதியாக இருக்கும்.

ஜூலையில் குழு ஒரு கடிதம் அனுப்பியது. நிகழ்ச்சியின் மாண்பைக் காக்க, அடுத்த வருடம் முதல் பத்தொன்பது பெயர்களையும் ஒருவரே ஒலிபெருக்கியில் படிப்பார். குடும்பத்தினர் அமர்ந்திருந்தால் போதும். நோரீன் மேலே புகார் எழுதினார். மாவட்டத்துக்கு, மாநிலத்துக்கு, நாடாளுமன்ற உறுப்பினருக்கு. அந்த உறுப்பினர் அலுவலகத்திலிருந்து ஒரு கொடியும் கையெழுத்து அச்சிட்ட அனுதாப அட்டையும் வந்தன. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் அவர் சமைத்ததைத் தொட மாட்டோம் என்றார்கள், இரண்டு நாள். பசி மூன்றாம் நாள் தேசபக்தியை வென்றது.

அடுத்த மே வந்தது. விட்டேக்கர் மேடையேறிப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். நோரீனுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோல்பி பெட்ராக் என்று ஒலிபெருக்கி சொன்னதும் நோரீன் எழுந்து நின்று, கையில் காகிதம் ஏதும் இல்லாமல், போன வருடம் படித்த அதே வரிகளைச் சொன்னார். கத்தவில்லை. சமையலறையில் அடுத்த அறைக்குக் கேட்க வேண்டிய அளவுக்கான குரல்தான். இரண்டாவது வரியிலேயே மணி அடித்து, ஒலிபெருக்கி அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. நான்கைந்து வரிசைக்குமேல் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

மூன்று வரிசை முன்னால் பிரெண்டாவின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பவில்லை. காதை மூடவும் இல்லை.