வெள்ளிக்கிழமைகளில் அவர் கதைப்பதில்லை

"கடைசியா இவர் எத்தினை மணிக்கு வழமைபோலக் கதைச்சவர்?"

வவுனியாவில் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டொக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்றுவரை இதற்கு எனக்குச் சரியான பதில் தெரியாது.

"வெள்ளிக்கிழமையில மத்தியானம் வரைக்கும் அவர் கதைக்கிறேல்லை, டொக்டர்" என்றேன்.

"ஏன்?"

"மௌன விரதம்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நேற்று?"

"ராத்திரிப் படுக்கேக்கை கேற்றைப் பூட்டியாச்சோ எண்டு கேட்டவர்."

டொக்டர் அதையே எழுதிக்கொண்டார். என் கணவருக்கு வந்திருந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நான்கைந்து மணித்தியாலங்களுக்குள் கொடுக்க வேண்டும். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்தே கணக்கெடுப்பார்கள். பிந்திக் கொடுத்தால் மூளைக்குள் இரத்தம் கசியக்கூடும். அந்தக் கணக்கின்படி அவருக்கு நோய் தொடங்கியது முதல்நாள் இரவு. மருந்துக்குரிய நேரம் கடந்துவிட்டது.

அவர் நெல் விதைக்கிறவர். கனகராயன்குளம் என்ற ஊருக்கு உள்ளே எங்களுக்கு வயல் இருக்கிறது. கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் செயலாளராக இருந்ததால் வாய்க்கால் தண்ணீர் பற்றிய சண்டைகள் எல்லாம் எங்கள் முற்றத்துக்குத்தான் வரும். கவிதை எழுதுகிறவரும் அவர்தான். ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. ஊர் அம்மன் கோயில் ஊஞ்சலுக்குப் பாடுகிற பாட்டும் அவர் எழுதியது.

வெள்ளிக்கிழமை விடிய எழும்பியதிலிருந்து கோயிலில் மத்தியானப் பூசை மணி கேட்கும்வரை அவர் வாய் திறப்பதில்லை. குளித்து, திருநீறு பூசி, சாமியறையில் இருப்பார். செபம் முடிந்த இடத்திலேயே எழுத்துத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் அவர் எழும்பி நான் பார்த்ததில்லை. கலியாணம் செய்த புதிதில் ஏன் இந்த விரதம் என்று கேட்டேன். "ஆறு நாளும் தண்ணிக்குச் சண்டை பிடிக்கிற வாய். ஒரு நாளாவது கழுவி வைக்க வேண்டாமோ?" என்று சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமைகளை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வானொலி போடுவதில்லை. மகள் ஆரணி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அழுதால் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவேன். மணி கேட்டதும் அவர் நேரே குசினிக்கு வந்து, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, எழுதியதை வாசிப்பார். அன்றைக்கு அவருடைய வாயிலிருந்து வரும் முதல் சொல்லை நான்தான் கேட்பேன். பாதி காது தாளிதத்தில் இருக்கும். வாசித்து முடித்ததும் அகப்பையை நீட்டி, "உப்பைப் பாத்துச் சொல்லுங்கோ" என்பேன். "பாட்டுக்கோ கறிக்கோ?" என்பார். கவனமாகக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக் காலையில் கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் வழமைபோலத்தான் கேட்டன. பிறகு தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அவர் திரும்பவில்லை. செபத்தில் இருக்கிறார் என்று வந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மாமியிடம், அவருடைய அம்மாவிடம், சொன்னேன்.

"பாட்டு வாற நேரம், பிள்ளை. போய்க் குழப்பாதை" என்றார் மாமி. "ஒரு வெள்ளியாவது உன்ர வாயும் சும்மா இருக்கட்டும்."

ஆரணிக்கு அப்போது நான்கு வயது. அவள்தான் சாமியறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, அப்பா திருநீறு கோணலாப் பூசியிருக்கிறார்" என்றாள்.

"உஸ். அப்பா மௌனம்" என்றேன்.

வலக்கை தூக்க முடியாமல் இடக்கையால் பூசியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மணி கேட்டது. அவர் குசினிக்கு வரவில்லை. நான் போனபோது எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் பாயில் இழுபட்டது. "என்னப்பா செய்யுது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, மிகவும் முயன்று, "வாய்க்கால்" என்றார்.

பிறகு கிடைத்த சொல்லும் அது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் வாய்க்கால், தாதியைக் கூப்பிடவும் வாய்க்கால். இதற்குப் பேச்சிழப்பு (எண்ணம் இருந்தும் அதற்குரிய சொல் வராமல் போவது) என்று பெயர். சிலருக்கு ஒரே சொல் இப்படித் திரும்பத் திரும்ப வருமாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த செட்டிகுளத்து ஐயா, "தம்பி, எங்கட பக்கமும் கொஞ்சம் திறந்து விடும்" என்றார். அன்றைக்குத்தான் என் கணவர் முதல்முறையாகச் சிரித்தார். முகத்தின் இடது பாதி மட்டும் சிரித்தது.

பேச்சுச் சிகிச்சை கொடுக்க வந்த இளம்பெண், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், அவரைத் தேவாரம் பாடச் சொன்னார். எனக்கு அது கொடுமையாகப் பட்டது. ஆனால் சிறுவயதில் பாடமாக்கிய தேவாரம் சொல் பிசகாமல் வந்தது. முடித்துவிட்டு, தண்ணீர் கேட்பதற்கு மீண்டும் வாய்க்கால் என்றார். பாடமான பாட்டுக்கு மூளையில் வேறு வழிகளும் உதவுமாம். அவர் தானே எழுதிய ஊஞ்சல் பாட்டை நான் தொடங்கிக் கொடுத்தேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ எழுதியதைக் கேட்பவர்போல இருந்தது அவர் முகம்.

கிளினிக்கில் ஒருமுறை அதே பெண் டொக்டரிடம் வாளிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு கையால் அப்படி அள்ள முடியாது. அப்படியென்றால் குளிக்கும்போது அவர் நன்றாகத்தானே இருந்திருக்கிறார்? அன்றைக்கே சொல்லியிருந்தால் மருந்து கொடுத்திருப்பீர்களா?

"சத்தத்தைக் கேட்டதை மட்டும் வைச்சு அந்த மருந்தைக் குடுக்கேலாது. அதையே யோசிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ, அம்மா" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆரணியின் பெயர், சோறு, வலி, மழை. பொல்லை ஊன்றி வயல்வரம்பு வரை நடந்தார். இடக்கையால் பெரிய பெரிய எழுத்துகளாக எழுதப் பழகினார். அப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழன் பின்னேரம் நாட்காட்டியில் வெள்ளியைத் தொட்டுக் காட்டி, உதட்டில் விரல் வைத்தார்.

"வேண்டாம்" என்றேன்.

"வெள்ளி" என்றார். "எனக்கு... வெள்ளி."

"கதைக்கேலாதவனுக்கு மௌன விரதமோ?" என்றார் மாமி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மற்ற நேரத்தில் பயிற்சி செய்தால் அரைநாள் மௌனத்தால் பாதகமில்லை என்று பேச்சுச் சிகிச்சைத் தங்கச்சி சொல்லிவிட்டார். மறுப்பதற்குப் பயத்தைத் தவிர எனக்குக் காரணம் இருக்கவில்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம் என்பதை நான் வாசித்திருக்கிறேன். மௌனமாக இருப்பவருக்குச் சொல் குழறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு ஒப்பந்தம் செய்தோம். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் சிரித்துக் காட்ட வேண்டும், இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட வேண்டும். முகம் கோணுகிறதா, ஒரு கை விழுகிறதா என்று பார்ப்பது ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த சோதனை. முதல் வெள்ளி, அடுப்பில் பால் வைத்தவள்போலப் போய்ப் போய் வந்தேன். ஆரணியும் பின்னால் வந்து, "அப்பா, கையைத் தூக்குங்கோ" என்பாள்.

"கோயில்லகூட இவன் இத்தினை தரம் கை தூக்கிக் கும்பிட்டிருக்க மாட்டான்" என்றார் மாமி.

மூன்றாவது வெள்ளியோ என்னவோ, அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். நான் வெளியில் நின்றேன். கூப்பிடவும் மனமில்லை, போகவும் மனமில்லை. கனநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. கோபமான முகத்தோடு இரண்டு கைகளையும் தூக்கினார். வலக்கை தோள் மட்டத்தில் நின்றது. அதுவரை அது அவ்வளவு உயரம் போனதில்லை.

முன்பெல்லாம் வெள்ளி முற்பகல் எப்படிப் போகிறதென்று தெரியாது. இப்போது மணி கேட்கும்வரை என் காது அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. அவர் கட்டியிருக்கும் சறம் பாயில் உரசுவதையும் செம்பு தரையில் வைபடுவதையும் கேட்டே அவருடைய வலது பக்கம் அன்றைக்கு எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவேன். சில நாட்களில் என் வலக்கையும் சேர்ந்து கனக்கிறது.

போன வெள்ளி, மணி கேட்டபின் அவர் குசினிக்கு வந்தார். கதவு நிலையில் சாய்ந்தார்.

"குளம்... நிரம்பி..." என்றார். நெடுநேரம் தேடினார். "வாய்க்கால்."

அது கவிதையா, முடிக்க முடியாத பேச்சா, அல்லது அந்தப் பழைய சொல்தான் திரும்ப வந்துவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. "பாட்டோ?" என்று கேட்டேன். சிரித்தார். வலது கன்னம் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தது. அகப்பையை நீட்டினேன். சுவைத்துவிட்டு, "உப்பு" என்றார். காணாதா கூடவா என்று சொல்லவில்லை.

நான் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் வந்துகொண்டிருந்த வரி போய்விடுகிறது என்று சைகையால் காட்டுகிறார். திறக்காவிட்டால் எனக்குக் கோணல் திருநீறு தெரிகிறது. வாசிக்கும் உங்களில் யாராவது இப்படி ஒருவரோடு வாழ்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்தீர்கள்? திறக்காமல் இருக்க எப்போது பழகினீர்கள்? வெள்ளிக்கு முன் தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.